இரண்டு நிமிடம் மூன்று செக்கன்

நாடகமும் அரங்கியலும் என்ற பாடத்தை, நான் ஆசிரியையாக இருக்கும் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தொடங்க அனுமதி கேட்டு மூன்று கடிதங்கள் எழுதினேன். முதல் இரண்டுக்கும் பதில் வரவில்லை. மூன்றாவதுக்கு ஆளே வந்துவிட்டார்.

2007ஆம் ஆண்டு, மே மாத மழை. கணேசமூர்த்தி சேர் யாழ்ப்பாணத்துக்காரர்; நுவரெலியாவில் அந்தப் பாடத்துக்குப் பொறுப்பான அதிகாரி. நோர்வூட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, முச்சக்கர வண்டிக்காரன் வர மறுத்த கடைசி ஒன்றரை மைலை நடந்தே வந்திருந்தார். பள்ளிக்கூட வாசலில் நின்று சப்பாத்தைக் கழற்றினார். காலுறைக்குள் இரண்டு அட்டை. நான் சவர்க்காரக் கட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

“இருக்கட்டும் பிள்ளை, குடிச்சு முடிய அது தானா விழும். மேடை எங்க?”

“மேடை இல்லீங்க சேர்.”

“திரை, லைற்று?”

“அதுவும் இல்லீங்க.”

“அப்ப பிள்ளையள் ஒரு நாடகமெண்டாலும் பாத்திருக்கினமோ?”

“வருசா வருசம் பாக்குறாங்க சேர். காமன் கூத்து. சிவன் காமன எரிக்கிற கதை. விடிய விடிய நடக்கும்.”

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். “அது கோயில் சடங்கெல்லோ பிள்ளை. நான் கேக்கிறது அரங்கு. ரெண்டும் ஒண்டெண்டு நீர் சொன்னா, எனக்குக் காட்ட வேணும்.”

காட்டுவதற்கு ஒரு வழியும் சொன்னார். ஜூன் பதினான்காம் திகதி, வியாழக்கிழமை, நுவரெலியாவில் ஆசிரியர்களுக்கு ஒரு கூட்டம். கொம்பியூட்டரும் புரொஜெக்டரும் வைத்துப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். ஆளுக்கு இருபது நிமிடம். அதில் வீடியோத் துண்டுகள் எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம்.

“ரெண்டு நிமிசமெண்டா ரெண்டு நிமிசம். போன வருசம் ஒருத்தர் பாடம் எண்டு சொல்லிப்போட்டு முழுப் படத்தையும் ஓட விட்டிட்டார். சனம் விசிலடிச்சுது. இந்த முறை மணிக்கூட்டோட இருப்பன். கூடினா லைற்றைப் போட்டிடுவன்.”

தனக்கு அது விளங்கினால் போதும், ஜனவரியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் பாடத்தைத் தொடங்கலாம் என்றார். ஒன்பதாம் வகுப்பில் பதினொரு பேர் அந்தப் பாடத்துக்காகக் காத்திருந்தார்கள். வேறு பாடம் தெரிவு செய்ய அவர்களுக்கு ஜூன் கடைசி வரைதான் நேரம். அவர் போன பிறகு பதினொரு பேரும் கதவடியில் நின்று என்னையே பார்த்தார்கள். “காட்டிருவோம்” என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. அதுவரை நான் கொம்பியூட்டரில் செய்திருந்த பெரிய வேலை, வினாத்தாள் தட்டச்சு செய்தது.

ஆனால் என்னிடம் ஒரு டிவிடி இருந்தது. அந்த வருட மாசி மாதத்துக் கூத்தை, கல்யாண வீடியோ எடுக்கும் ஹட்டன்காரர் ஒருவர் ஓர் இரவு முழுக்க நின்று படம்பிடித்துக் கொடுத்த டிவிடி. அதில் காமனாக ஆடியது என் வீட்டுக்காரர் அழகன்.

அழகன் போய் ஏழு வருடம் ஆகிறது. அவர் பேசியதை எல்லாம் ஞாபகத்திலிருந்துதான் இங்கே எழுதுகிறேன். தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் மெசினில் வேலை. வீட்டுக்குள் நுழைந்தாலே பச்சைக் கொழுந்து வாசம் அடிக்கும். காமனாக நிற்கும்போது மட்டும் சந்தன வாசம்.

நோர்வூட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ராசிக் நானாவின் கடை. முன்னால் சினிமா டிவிடி வாடகைக்கு, பின்னால் ஒரு கொம்பியூட்டர். சனிக்கிழமை காலை போய் விசயத்தைச் சொன்னேன். நானா டிவிடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“என்ன டீச்சர் இது, இதுல ரொட்டி சுட்டீங்களா?”

தோட்டத்தில் வீடு வீடாக, லயத்துக்கு லயம் போய் வந்த டிவிடி. அதில் எண்ணெய் விரலும் கீறலுமாகத்தான் இருந்தது. நானா கட்டியிருந்த சாரத்தின் நுனியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடைத்தார். சுற்றித் துடைத்தால் கீறல் கூடுமாம். போட்டார். மெசின் இருமிற்று. பிறகு பிடித்துக்கொண்டது.

உள்ளே படம் ஒரே படமாக இல்லை. பெரிய பெரிய கோப்புகளாகத் துண்டுபட்டுக் கிடந்தது. நாங்கள் தேடிய இடம் நான்காவது கோப்பில் இருந்தது. சிவனின் நெற்றிக் கண்ணிலிருந்து வாணம் சீறி வந்து, காமனுக்கு நட்ட கம்பத்தில் மோதும் இடம். கீழ்வானம் வெளுக்கிற நேரம் அது. கம்பம் பற்றி எரிய, அழகன் வில்லோடு சுழன்று சுழன்று விழுவார். தப்புப் பறையின் சத்தம் ஒரே இடியாக இருக்கும்.

“அடேயப்பா!” என்றார் நானா. “இது ஒங்க மாப்பிள்ளையா? நம்ம கடையில வந்து ஆக்‌ஷன் படம் கேக்குற ஆளா?”

தொடங்கும் நேரம், முடியும் நேரம் இரண்டையும் நான் கொப்பியில் எழுதினேன். சரியாக இரண்டு நிமிடம். அந்தத் துண்டை எடுத்து, சாதாரண கொம்பியூட்டரில் ஓடக்கூடிய சின்ன வீடியோவாக மாற்ற வேண்டும். அதற்கு நானாவிடம் ஒரு மென்பொருள் இருந்தது, சும்மா பார்ப்பதற்குக் கொடுத்த இலவசப் பிரதி. பச்சைப் பட்டை மெல்ல மெல்ல ஊர்ந்து நூறு வீதத்தைத் தொட்டது. நாங்கள் இரண்டு பேரும் கதிரையின் நுனியில் இருந்தோம். ஓட விட்டோம். அழகன் சுழன்றார், கை தூக்கினார், அப்படியே படம் நின்றுவிட்டது. ஒரு நிமிடம்தான் இருந்தது.

மறுபடி மாற்றினோம். மறுபடியும் ஒரு நிமிடம். மூன்றாம் தடவையும் அழகன் கை தூக்கினபடி நின்றார்.

“ஓசிச் சாமான் டீச்சர். பாதிதான் தரும்” என்று நானா தலையைச் சொறிந்தார். “முழுசு வேணும்னா கொழும்புல யாரையாவது புடிக்கணும்.”

எனக்கு ஒரு யோசனை வந்தது. “நானா, எதைக் குடுத்தாலும் பாதி தருமா?”

“எதைக் குடுத்தாலும்.”

“அப்ப நாலு நிமிசம் குடுங்க.”

அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு தொடையில் ஓங்கி ஒரு அடி. “கள்ளி! டீச்சர்னா டீச்சர்தான்!” எரிப்பு முடிந்து இரண்டு நிமிடம் வரை சேர்த்து வெட்டிக் கொடுத்தோம். மெசின் பாதியைத் தின்றுவிட்டு, எங்களுக்கு வேண்டிய இரண்டு நிமிடத்தை அப்படியே கையில் தந்தது. கடைக்கு வந்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்கும்படி நாங்கள் சத்தம் போட்டோம்.

பவர்பொயின்டில் சேர்ப்பதற்கு முன் நானா ஒரு விசயத்தைச் சொன்னார். “கவனமாக் கேளுங்க. வீடியோ இந்தக் காட்சிக்கு உள்ள போறது இல்ல. வெளிய நிக்கும். காட்சி அதைத் தேடிப் போய்க் கூட்டி வரும். அதனால ரெண்டையும் முதல்ல ஒரே போல்டருக்குள்ள வெச்சிட்டு, பொறகுதான் சேர்க்கணும்.” அப்படியே செய்தேன். பென் டிரைவைக் கைக்குட்டையில் முடிந்து, இடுப்பில் சொருகிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஒரு சிடியிலும் பதிந்து தந்திருந்தார், வீட்டு டிவியில் பார்க்க. ஞாயிற்றுக்கிழமை பகல் சோறு தின்ற கையோடு போட்டேன். அழகன் முன்னால் குந்தியிருந்து தன்னையே பார்த்தார். என் மாமியார் ராசம்மா, மலையில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர், வெற்றிலையை மடித்துக்கொண்டே பார்த்தார். வாணம் சீறியது. கம்பம் எரிந்தது. அழகன் விழுந்தார். படம் முடிந்தது.

“எப்படி அத்தை?” என்றேன்.

“போடு மிச்சத்த.”

“மிச்சம் இல்ல அத்தை. அவ்வளவுதான். ரெண்டு நிமிசம்தான் காட்ட விடுவாங்க.”

வெற்றிலை வாய்க்குப் போகவில்லை. “எம்மவன எரிச்சிட்டு அப்படியே நிப்பாட்டிருவியா?”

“இது வீடியோதானே அத்தை…”

“வீடியோன்னா? காப்புக் கட்டி ஆடுனவன் அவன். எரிச்சா மூணாம் நாளு பால் தெளிச்சு எழுப்பணும். அதுவரைக்கும் தோட்டத்துல யாராச்சும் ஒரு நல்ல காரியம் வைக்கிறாங்களா? நீ அவன எரிச்ச சாம்பலோட நுவரெலியாவுக்குக் கொண்டு போயி, ஊரு பேரு தெரியாதவங்களுக்கெல்லாம் காட்டிட்டு வெளக்கப் போட்டு டீ குடிக்கப் போறீங்க!”

நான் அழகனைப் பார்த்தேன், அவர் சிரித்து விசயத்தை முடித்துவிடுவார் என்று. அவர் சிரிக்கவில்லை.

“அம்மா சொல்றது சரிதான் புனிதா. எரிப்பு மட்டும்னா வேணாம்.”

“என்னங்க நீங்களும்?”

“நீ படிச்சவ, ஒனக்குப் படம். எனக்கு அப்படி இல்ல. வாணம் வர்ற நேரம் உள்ளுக்குள்ள என்னா நடக்கும்னு எனக்குத்தான் தெரியும். எழுப்புவாங்கன்னு தெரியுறதாலதான் விழுறேன்.”

நானும் அதே தோட்டத்தில் பிறந்தவள்தான். சின்ன வயதில் அந்த மூன்று நாளும் வீட்டில் தாளிக்கக்கூட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆசிரியக் கலாசாலைக்குப் போய் வந்ததில் அது எங்கோ நழுவியிருந்தது. எரிப்புதான் பார்க்க நன்றாக இருக்கும் என்று எரிப்பை எடுத்தேன். வேறொன்றும் யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று உடனே வந்தது. டிவிடியில் எழுப்புதல் இல்லை. ஹட்டன்காரரை ஓர் இரவுக்குத்தான் பேசியிருந்தார்கள். எரிப்பு முடிந்ததும் அவர் மூட்டை கட்டிப் போய்விட்டார். வியாழக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள்.

“போனாரு” என்றார் அழகன் திடீரென்று. “மூணாம் நாளு திரும்ப வந்தாரே!”

“யாரு?”

“கேமராக்காரர்! வீரம்மா அக்கா மக கஜனிக்கு அன்னைக்குத்தானே வயசுக்கு வந்த சடங்கு!”

நான் எழுந்தே நின்றுவிட்டேன். காமன் எழும்பும் வரை நல்ல காரியம் வைக்கக்கூடாது. அதனால் வீரம்மா அக்கா தாய்மாமன் சீர்த்தட்டோடு ஆட்களை வரிசையாக நிறுத்தி, காமன் எழும்பட்டும் என்று கம்பத்தடியிலேயே காத்து நின்றார். கேமராவும் அங்கேதான் நின்றிருக்கும்.

தோட்டத்தின் மேல்பக்கம் இருந்த மேல்கணக்கு லயத்துக்கு நாங்கள் ஓடியது மாதிரி நான் அதற்குப் பிறகு ஓடியதில்லை. வீரம்மா அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“அக்கா, கஜனி சடங்கு டிவிடி இருக்கா?”

“அய்யோ, இன்னைக்காவது கேட்டீங்களே! ஒருத்தரும் முழுசாப் பாக்க மாட்டேங்கிறாங்க.” எங்களை உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டார். “ஓட்டிப் பாக்கக்கூடாது. மொதல்லருந்து பாக்கணும்.”

பார்த்தோம். பூசணிக்காய் வெட்டுவதைப் பார்த்தோம். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கேமராவைப் பார்த்து முறைப்பதைப் பார்த்தோம். கஜனியின் படம் ரோசாப்பூவுக்குள்ளிருந்து வந்தது, பிறகு நீர்வீழ்ச்சிக்குள்ளிருந்து வந்தது. “இந்த எடத்துல அவ சேலைக்கு மடிப்புச் சரியில்ல” என்று வீரம்மா அக்கா ஒவ்வொரு காட்சிக்கும் விளக்கம் சொன்னார். கஜனி வெட்கத்தில் வெளியே ஓடிவிட்டாள். நான் கொப்பியும் பேனையுமாக இருந்தேன். ஒரு மணி பன்னிரண்டு நிமிடத்தில் தட்டு வரிசை கம்பத்தடிக்கு வந்தது.

“அந்தா!” என்று அழகன் கத்தினார்.

பெண்கள் தட்டோடு நிற்க, அவர்களுடைய தோளுக்கு இடையால் சாம்பல் மேடு தெரிந்தது. பக்கத்தில் வெள்ளைத் துணி போர்த்திய உருவம். கேமரா மெதுவாகத் தட்டுகளை விட்டு அந்தப் பக்கம் போனது. பூசாரி பால் தெளித்தார். துணி அசைந்தது. ஒரு கை வெளியே வந்தது. அழகன் எழுந்து இருந்து, முகத்தில் வழிந்த பாலைத் துடைத்து, கண்ணைத் திறந்தார். திறந்ததும் எதிரே தட்டில் அடுக்கிய லட்டும் வாழைப்பழமும், அதற்குப் பின்னால் வாயைப் பிளந்து நிற்கும் பெண்களும். மூன்று நாள் பட்டினி கிடந்தவர். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காமனுக்கு வரவே கூடாத சிரிப்பு.

நாற்பத்தேழு செக்கன். ஆனால் ஒரு சங்கடம். வீடியோக்காரர் முழுச் சடங்குக்கும் மேலே சினிமாப் பாட்டைப் போட்டிருந்தார். காமன் உயிர்த்தெழும்போது காதல் டூயட் ஓடிற்று.

“சத்தத்த எடுத்துட முடியுமா?” என்று அழகன் கேட்டார்.

“எடுக்கலாம். ஊமைப் படமா இருக்கும்.”

“அப்ப சத்தம் நான் போடுறேன்” என்றார். சின்ன வயதிலிருந்தே தப்புக்காரர்களோடு திரிந்தவர். காமனை எழுப்ப அடிக்கும் எழுப்படி அவருக்கு நன்றாகத் தெரியும். பெரிய கிளாக்கரிடம் வியாழக்கிழமைக்கு லீவு கேட்கப் போகிறேன் என்று அப்போதே கிளம்பினார்.

திங்களும் செவ்வாயும் நோர்வூட்டில் கரண்ட் இல்லை. புதன் பள்ளி விட்டதும் போனபோது ராசிக் நானா கடையைச் சாத்தாமல் எனக்காக இருந்தார். முதலில் எரிப்பைக் குறைத்தோம். வாணம் சீறுவதிலிருந்து விழுவது வரை ஒரு நிமிடம் பதினாறு செக்கன். போல்டருக்குள் வைத்து, முறைப்படி சேர்த்தேன். பிறகு எழுப்பு. இரட்டிப்பாக வெட்டிக் கொடுத்து, பாட்டை எடுத்து, நாற்பத்தேழு செக்கன் வந்தது. கூட்டினேன். இரண்டு நிமிடம் மூன்று செக்கன்.

“மூணு கூட நானா.”

“மூணு செக்கன்ல யாரு சாகப் போறா?”

“அவர் மணிக்கூட்டோட இருப்பார். லைற்றைப் போட்டிடுவார். கடைசியில அந்தச் சிரிப்ப வெட்டுங்க.”

“அந்தச் சிரிப்பா? அதுதான் டீச்சர் நல்லா இருக்கு!”

“கூத்துல காமன் சிரிக்க மாட்டார் நானா. பார்த்தா வெளையாட்டுன்னு நெனப்பாங்க.”

நானா முணுமுணுத்துக்கொண்டே வெட்டினார். நாற்பத்து நான்கு செக்கன். அதற்குள் கடைசி பஸ் ஹோர்ன் அடித்துவிட்டது. “சேருங்க, சேருங்க” என்று அவர் விரட்ட, நான் வீடியோவை அது இருந்த இடத்திலிருந்தே காட்சியில் சேர்த்தேன். “எல்லாத்தையும் பென் டிரைவுல போட்டுட்டேன், ஓடுங்க!” என்றார். ஓடினேன்.

வியாழக்கிழமை விடியக் கிளம்பினோம். அழகனின் தோளில் தப்பு, சாக்கில் சுற்றி. தலவாக்கலை தாண்டி ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். யுத்த காலம். சிப்பாய் ஒருவர் சாக்கைத் தொட்டு, “மே மொகத்த?” என்றார் சிங்களத்தில், இது என்ன என்று.

“பெரயக், மஹத்தயா” என்றார் அழகன். பறைதான் ஐயா.

நம்பவில்லை. அடித்துக் காட்டச் சொன்னார். அழகன் ரோட்டோரத்தில் நின்று நாலு அடி அடித்தார். சிப்பாயின் பூட்ஸ் தானாகத் தாளம் போட்டது. பக்கத்தில் நின்றவர் சிரித்தார். பஸ்ஸுக்குள் ஏறும்போது அழகன் என் காதில், “ஒத்திகை முடிஞ்சிச்சு” என்றார்.

நுவரெலியா மண்டபத்தில் அறுபது எழுபது ஆசிரியர்கள். குளிருக்கு எல்லோரும் கையைக் கக்கத்துக்குள் வைத்திருந்தார்கள். கணேசமூர்த்தி சேர் சுவரில் லைற் சுவிச்சுக்குப் பக்கத்திலேயே கதிரையைப் போட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். எனக்கு முன்னால் நடத்தியவருக்கு ஒரு செக்கனும் இரக்கம் காட்டவில்லை; அவருடைய வீடியோவில் இருந்த புத்தர் சிலை பாதியில் வெளிச்சத்தில் கரைந்தது.

என் முறை. மேடை இல்லாத இடத்தில் எப்படி மேடை உருவாகிறது, கம்பம் நட்ட இடத்தைச் சுற்றி ஆட்கள் நிற்கும் வட்டம் எப்படி அரங்காகிறது என்று தொடங்கினேன். பிள்ளைகளிடம் பேசுவதைப் போலப் பேசினேன். எரிப்பை ஓட விட்டேன். மண்டபமே இடிபோல் அதிர்ந்தது. பின்வரிசைக்காரர் எழுந்து நின்று பார்த்தார்கள். அழகன் விழுந்தார். தப்புச் சத்தம் நின்றது. நான் சொல்லி வைத்தபடி அரை நிமிடம் அமைதி.

பிறகு மண்டபத்தின் பக்கத்திலிருந்து அழகன் எழுப்படியைத் தொடங்கினார். மெல்ல, விட்டு விட்டு. நான் அடுத்த காட்சிக்குப் போய் அழுத்தினேன்.

வெள்ளைக் கட்டம் வந்தது. படம் வரவில்லை.

மறுபடி அழுத்தினேன். வெள்ளைக் கட்டம். புதன்கிழமை அவசரத்தில் நான் நானாவின் கொம்பியூட்டரிலிருந்தே வீடியோவைச் சேர்த்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த வெள்ளைக் கட்டம் நுவரெலியாவிலிருந்து நோர்வூட்டுக் கடைக்குப் போய்ப் படத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

அழகன் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. எழுப்படி தொடங்கினால் காமன் எழும்பும் வரை நிறுத்தக்கூடாது. அவர் நிறுத்தவில்லை. தெருவில் நாலு அடி அடித்தவர் மாதிரி இல்லை இப்போது. அடி இறுகிக்கொண்டே போனது. என்னைக் கூப்பிடுவது மாதிரி, அதட்டுவது மாதிரி. மண்டபத்தில் ஒருவருக்கும் பிழை நடந்தது தெரியவில்லை. வெள்ளைத் திரையை, வெள்ளைத் துணியைப் பார்ப்பது மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கணேசமூர்த்தி சேரின் கை சுவிச்சை நோக்கி உயர்ந்தது.

“லைற்றப் போடாதீங்க சேர்!” என்று அழகன் அடித்துக்கொண்டே கத்தினார். “இன்னும் எழும்பல!”

அந்தக் கை அப்படியே நின்றது.

நான் காட்சியை மூடினேன். பென் டிரைவைத் திறந்தேன். நானா சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். எல்லாம் உள்ளே இருந்தது. எழுப்பு ஒன்று, எழுப்பு இரண்டு என்று இரண்டு கோப்பு. எது எது என்று பார்க்க எனக்குக் கண் இல்லை. முதலில் பட்டதை இரண்டு தட்டுத் தட்டினேன்.

தட்டு வரிசை வந்தது. சாம்பல் மேடு வந்தது. பால் தெளித்தார்கள். அழகனின் அடி படத்துக்கு முன்னால் ஓடி, பிறகு அதைப் பிடித்து, துணி அசைந்த இடத்தில் சரியாகச் சேர்ந்தது. கை வெளியே வந்தது. எழுந்து இருந்தார். பாலைத் துடைத்தார். கண் திறந்தது. இங்கே முடியும் என்று நான் மூச்சை விட்டேன்.

முடியவில்லை. லட்டைப் பார்த்து, வாயைப் பிளந்த பெண்களைப் பார்த்து, அவர் சிரித்தார். ஆள் உயரத் திரையில், பல் அத்தனையும் தெரிய. நான் வெட்டாத படத்தைத் தட்டியிருக்கிறேன்.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. குளிரில் மடக்கியிருந்த கைகள் எல்லாம் வெளியே வந்து தட்டின. திரையில் சிரித்தவர் கீழே தப்போடு நிற்பதை யாரோ கண்டுபிடித்து, “அந்தா, அவர்தான்!” என்று காட்ட, சத்தம் இன்னும் கூடிற்று.

கணேசமூர்த்தி சேர் லைற்றைப் போட்டார். மடியிலிருந்த மணிக்கூட்டைத் தூக்கிப் பார்த்தார். மண்டபம் அடங்கியது.

“ரெண்டு நிமிசமும் மூண்டு செக்கனும்” என்றார்.

“என் பிழைதான் சேர். அதை வெட்டியிருந்தேன்…”

“ஏன் வெட்டினனீர்?”

அவர் அழகனைப் பார்த்தார்.

“தம்பி, நான் லைற்றைப் போட்டிருந்தா என்ன செய்திருப்பீர்?”

“அடிச்சுக்கிட்டே இருந்திருப்பேன் சேர். நீங்க வீட்டுக்குப் போனாலும்.”

“என்னையும் போக விட்டிருக்க மாட்டீர் போல.” கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டே என்னிடம் திரும்பினார். “பிள்ளை, எனக்கு விளங்கீட்டுது. நானும் அந்த மனுசன் எழும்ப வேணுமெண்டு இருந்திட்டன். பதினொரு பேரின்ர விபரத்தை வாற கிழமை அனுப்பும்.” பிறகு தயங்கி, “அந்த ரெண்டாவது துண்டை இன்னொருக்காப் போடலாமோ?” என்றார்.

அழகன் முந்திக்கொண்டார். “போடலாம் சேர். ஆனா எரிப்புல இருந்துதான் போடணும்.”

இரண்டையும் மறுபடி போட்டோம். மணிக்கூட்டை ஒருவரும் பார்க்கவில்லை.

ஜனவரியில் பாடம் தொடங்கியது. அந்தப் பதினொரு பேரில் ஒருத்தியாகக் கஜனி இருந்தாள். இன்று உடப்புசல்லாவையில் அதே பாடத்தைப் படிப்பிக்கிறாள். அவளுக்கும் எனக்கும் ஒவ்வொரு வருடமும் முதல் பாடம் அந்த இரண்டு துண்டுகள்தான்.

அழகன் நெஞ்சு நோகுது என்று சொன்னது ஏழு வருடத்துக்கு முன் ஒரு காலையில். அன்று பின்னேரமே போய்விட்டார். மூன்றாம் நாள் புதைகுழியில் பால் தெளித்தபோது ராசம்மா அத்தை மண்ணைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் போன அடுத்த ஜனவரியில் நான் வகுப்பில் எரிப்பை மட்டும் ஓட விட்டேன். பிறகு கொம்பியூட்டரை மூடிவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுதுவதற்கு ஏதோ தேடினேன். எழுப்பைப் பார்க்க எனக்கு முடியாது என்று தெரிந்திருந்தது. பின்னாலிருந்து ஒரு பிள்ளை சொன்னாள்:

“டீச்சர், அப்படி நிப்பாட்டக்கூடாதுங்க.”

“மணி அடிக்கப் போகுது. நாளைக்குப் பாப்போம்.”

“இல்லீங்க டீச்சர். எரிச்சிட்டீங்க.”

மணி அடித்தது. ஒருவரும் எழும்பவில்லை. பக்கத்து வகுப்புகள் சாப்பாட்டுக்கு ஓடுவது கேட்டது. எங்கள் வகுப்பில் இருபத்து மூன்று பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒருவன் மேசையில் விரலால் தட்டத் தொடங்கினான், மெல்ல, விட்டு விட்டு. அது எழுப்படி.

நான் திரும்பி வந்து கொம்பியூட்டரைத் திறந்தேன். எழுப்பின் இரண்டு கோப்பும் இருந்தன. எது வெட்டாதது என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். அதைத் தட்டினேன். அவர் எழுந்து, பாலைத் துடைத்து, கண்ணைத் திறந்தார். பிள்ளைகளுக்கு அடுத்தது என்ன என்று தெரியும். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். முன்கூட்டியே சிரிக்கத் தயாராக இருந்தார்கள். அவர் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். மூன்று செக்கன். நானும்.